நடுக்கம் நின்றால் நல்லதா?

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயலில் விடிய விடிய நனைந்த தாத்தாவுக்கு நடுக்கம் நின்று பேச்சு குழறியது. குளிர் விட்டதென்று நினைத்தோம். சரியா?
– வாசகர், சுத்துக்கேணி

பதில்: இல்லை. அதுதான் ஆபத்தான கட்டம். உடல் சூடு உண்டாக்கும் சக்தியை இழந்துவிட்டது. வீட்டிலுள்ள பாதரச தெர்மாமீட்டர் 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. எனவே இப்படி நேரும்போது சட்டைக்குள் கைவிட்டு வயிற்றைத் தொடுங்கள். அங்கும் சில்லென்றிருந்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அவரைப் படுக்கவைத்தபடியே ஈரத்துணியை வெட்டியெடுத்து, தலையோடு கம்பளி போர்த்துங்கள். கைகால் தேய்க்காதீர்கள், பிராந்தி கொடுக்காதீர்கள். குளிர்ந்த இதயம் ஒரு குலுக்கலிலேயே தாளம் தப்பும், மெதுவாகத் தூக்குங்கள்.

மூச்சே இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், கைவிடாதீர்கள். 1999இல் நார்வேயில் உடல் சூடு 13.7 டிகிரிக்கு இறங்கிய அன்னா போகன்ஹோம் பிழைத்தார்.