பசுவுக்குக் காய்ந்த படுக்கை

மாட்டுப் பொங்கலன்று பசுவைக் குளிப்பாட்டி, பொட்டிட்டு, மாலை சூட்டி வணங்குவது மலையக மக்களின் மரபாகும். லுணுகலைத் தோட்டப்புறங்களில் லயத்தை அண்டிய சிறு பட்டியில் கட்டி, புல்லறுத்துப் போட்டு வளர்க்கப்படும் பசுவுக்கோ ஆண்டு முழுவதும் அப்பட்டியே வீடு.

கறவைப்பசு நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். படுத்திருக்கையில் மடிக்கு இரத்தவோட்டம் கூடும். அசைபோடுதலும் நன்கு நடைபெறும். தரை சாணமும் மூத்திரமுமாக இருப்பின் பசு படுக்கத் தயங்கும். நின்றபடியே குளம்பு கெடும். படுத்தாலோ மடிநோய் தொற்றும். இரண்டினாலும் பால் குறையும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தரை 40 அடிக்கு 1 அடி சரிவுடன், வழுக்காததாக, வடிகாலோடு அமைய வேண்டும். காய்ந்த புல்லோ மரத்தூளோ பரப்பி, ஈரமானதை நாள்தோறும் அகற்ற வேண்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் சாரலடிக்கும் பக்கத்தை மறைத்து, கூரையடியில் காற்றோட்டத்துக்கு இடம்விட வேண்டும். பாலில் 87 வீதம் நீரே. ஆதலால் தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருத்தல் அவசியம். கறந்தபின் காம்புத் துவாரம் மூட அரைமணி நேரம் செல்லும். அதுவரை புல்லிட்டுப் பசுவை நிற்கச் செய்வது நன்று.

அபிஷேகத்துக்குப் பால் தரும் பசு இரவெல்லாம் சேற்றில் நிற்பது முறையன்று. காய்ந்த படுக்கை அமைத்துக் கொடுப்பதும் கோபூசையே.