வலசை

கோலார் தங்கவயல் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது நிலத்தின் ஆழமே. 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர் பலர் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி உழைத்தனர். 2001 ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. ஆழத்தை நோக்கிய இவ்வூரில் வானத்தை நோக்கவும் காரணம் உண்டு.

தங்கவயலுக்கு அண்மையில், பாலாற்றின் நீரைத் தேக்கும் பேத்தமங்கலம் ஏரி உள்ளது. தங்கவயலுக்குக் குடிநீர் வழங்கிய ஏரி இது. குளிர்காலத்து விடியலில் இதன் கரையில் நடப்பவர் விரைதல் கூடாது. உரக்கப் பேசுதலும் கூடாது. பத்தடி நடந்து, சிறிது நேரம் அசையாது நின்றால், பறவைகள் அச்சம் நீங்கி மீண்டும் இரை தேடத் தொடங்கும். நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்தும். மீன்கொத்தி நீரில் பாய்ந்து எழும். இவை இங்கேயே வாழ்வன.

மின்கம்பியில் வரிசையாய் அமர்ந்திருக்கும் தகைவிலானோ விருந்தாளி. ஏறத்தாழ 20 கிராம் எடையே உள்ள இச்சிறு பறவை, இமயமலைப் பகுதியிலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குளிர் மிகுந்து பூச்சிகள் குறையும்போது தெற்கே வரும். வரித்தலை வாத்து இமயத்தையே கடந்து வருவது. மங்கோலியாவில் அடையாளமிடப்பட்ட வரித்தலை வாத்துகள் கர்நாடக ஏரிகளில் காணப்பட்டுள்ளன. பருவந்தோறும் நிகழும் இப்பயணமே வலசை எனப்படும்.

முன்னாளில் மதுரையில் வறுமையுற்றுக் குளிரில் வாடிய சத்திமுத்தப் புலவர், வானிற் சென்ற செங்கால் நாரையை அழைத்து, தம் ஊரிலிருந்த மனைவியிடம் தம் நிலையைக் கூறுமாறு வேண்டிப் பாடினார். தெற்கே வந்த பறவை வடக்கே திரும்பும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வலசைப் பறவைக்கு ஓரிடம் மட்டும் போதாது. பிறந்த இடம் நலமாயிருந்தும், வந்து தங்கும் ஏரி வற்றிப்போனால் அது வாழ இயலாது. பிழைப்புக்காக வந்து, மூன்று நான்கு தலைமுறையாகத் தங்கவயலில் வாழும் தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. சுரங்கம் மூடப்பட்டபின் அவர்களுள் பலர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்குச் சென்று உழைத்து, இரவில் தங்கவயலுக்கே திரும்புகின்றனர். வந்த ஊரும் நாளடைவில் சொந்த ஊராகிறது. அதன் ஏரியைக் காப்பதும் அங்கு வாழ்வோர் கடமையாகிறது.

சொற்பொருள்
வலசை – பருவத்திற்கேற்ப இடம்பெயர்தல்
இரை – பறவை, விலங்குகளின் உணவு
அண்மை – அருகு

பயிற்சி
1. தகைவிலான் தெற்கே வருவதற்குக் காரணம் யாது?
2. பறவைகளைக் காணச் செல்பவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?
3. உன் குடும்பத்தார் எந்த ஊரிலிருந்து, எதற்காக இடம்பெயர்ந்தனர்? வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.
4. ஒரு நாள் காலையில் அரைமணி நேரம் அமைதியாக நடந்து, நீ கண்ட பறவைகளின் பெயர்களைத் தமிழில் பட்டியலிடுக.