விண்ணப்பமும் துலாக்கோலும்

முறை, பொருள், கொடுப்போன், கொள்வோன் என்னும் நான்கையும் வைத்துத் தானத்தின் சிறப்பை ஆராய்தல் நம் மரபு. இன்று இந்நான்கிற்கும் நடுவே மற்றொருவர் அமர்ந்திருக்கிறார். நிதியுதவி வேண்டி வரும் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் இடுபவர் அவர். பொருள் அவருடையதன்று, ஆயினும் 'உண்டு', 'இல்லை' என்னும் முடிவு அவரிடமே பிறக்கிறது. நேர்மையுள்ள மதிப்பீட்டாளரின் துலாக்கோலும் சாயக்கூடுமா? இதற்குச் சுவீடன் நாட்டுச் சான்று ஒன்றைக் காண்போம்.

அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (2001-இல் இது வேறு அமைப்புடன் இணைந்துவிட்டது) 1995-ஆம் ஆண்டு வழங்கிய ஆய்வு உதவித்தொகைக்கு, முனைவர் பட்டம் பெற்ற 114 பேர் விண்ணப்பித்தனர். அவருள் 52 பேர் பெண்கள். தொகை பெற்ற 20 பேரிலோ பெண்கள் நால்வரே.

மதிப்பிட்ட முறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் விண்ணப்பதாரரின் திறமை, ஆய்வுமுறையின் தரம், ஆய்வுப்பொருளின் பொருத்தம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவர். பின்னர் அம்மூன்றையும் கூட்டுவதில்லை, பெருக்குவர். உச்ச அளவு 64. மூன்றிலும் 3 பெற்றவருக்கு 27 வரும். திறமையில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்தால் 22.5 ஆகிவிடும். படிப்பவர் மனத்தில் எழும் சிறு தயக்கம், ஓர் இளம் ஆய்வாளரின் வாழ்வையே திருப்பிவிடப் போதுமானது.

அம்மதிப்பெண்களைக் காட்டக் கழகம் முதலில் மறுத்தது. அவை பொது ஆவணங்களே என நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் கிறிஸ்டின் வென்னெராஸ், அக்னெஸ் வோல்ட் என்னும் இரு பெண் அறிவியலாளர் அவற்றை ஆராய்ந்து, 1997-இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டனர். ஆணுக்கு நிகரான திறமை மதிப்பெண்ணைப் பெறப் பெண் ஒருவர் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆய்வுப்பணி காட்ட வேண்டியிருந்தது!

மற்றொரு முடிவே நம்மைப் பெரிதும் சிந்திக்க வைக்கிறது. குழு உறுப்பினருக்கு வேண்டியவர் விண்ணப்பித்தால், அவ்வுறுப்பினர் மதிப்பெண் இடலாகாது என்பது விதி. எனினும் அத்தகைய விண்ணப்பதாரருக்குக் குழுவின் ஏனைய உறுப்பினர்களே கூடுதலாக வழங்கியிருந்தனர். உறவினர் பெயர் வந்ததும் எழுந்து வெளியே செல்வதோடு கடமை முடிந்தது என்று கருதுவோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

ஆகவே கல்வி உதவிக் குழுக்களில் அமரும் நம்மவர், விண்ணப்ப உறைகளைப் பிரிக்குமுன்பே அளவுகோலை எழுதி வைத்தல் நன்று. மறுப்புக்குரிய காரணத்தையும் எழுத்தில் பதிதல் வேண்டும். பின்னொரு நாள் எவரேனும் கேட்டால் காட்ட அதுவே உதவும்.

தகுதியில் வேறுபாடு காண இயலாத விண்ணப்பங்கள் எஞ்சினால் என் செய்வது? சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியம் அத்தகையவற்றுக்கிடையே சீட்டுக் குலுக்கும் முறையை 2021-இல் ஏற்றது. சீட்டு என்றதும் நகைப்போர் உளர். ஆனால் தகுதியை முழுதும் ஆராய்ந்த பின்னரே, எல்லைக்கோட்டில் நிற்கும் சில விண்ணப்பங்களுக்கு மட்டுமே அங்கே சீட்டு எடுக்கப்படுகிறது.