இணைப்பு வடம்

செங்கற்பட்டு மாவட்டத்து அச்சிறுபாக்கம் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானது தேரின் அச்சு இவ்விடத்தே இற்றமையால் ஊர் இப்பெயர் பெற்றது என்பது தலபுராணச் செய்தி. தேர் பெரிது, அதனை நிறுத்தியதோ ஓர் அச்சு. பழைய மடிக்கணிப்பொறிகளிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. பொறி பழுதற்றிருப்பினும், அதனைப் பிறிதொரு பொறியோடு பிணைக்கும் வடம் பிழைபட்டால் வேலை நின்றுவிடும்.

1983ஆம் ஆண்டில் டாண்டி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த 'மாடல் 100' இதற்குச் சான்று. ஜப்பான் நாட்டுக் கியோசெரா நிறுவனம் செய்த இப்பொறியின் திரையில் 8 வரிகள். வரிக்கு 40 எழுத்துகள். செய்தியாளர் பலர் இதனை விரும்பிச் சுமந்து சென்றனர். 4 மின்கலங்களும் உள்ளிருக்கும் துணை மின்கலமும் வற்றிவிட்டால், எழுதியன யாவும் நினைவகத்தினின்று அழிந்துபோம். ஆதலின் இதனுள் எஞ்சிய கட்டுரையை மீட்க விழைவார்க்கு வடமே எளிய வழி. அடிப்புறத்து நினைவக விசையை மட்டும் அவர்கள் தீண்டலாகாது.

வடத்தில் ஒவ்வோர் எழுத்தும் பிட் எனப்படும் 8 கூறுகளாகி, குறுகிய வாயிலில் ஒருவர்பின் ஒருவர் நுழைவதுபோலச் செல்லும். இதற்கு இன்றியமையாத கம்பிகள் மூன்றே: அனுப்புவது, பெறுவது, பொதுவாவது. ஒரு பொறியின் வாய் மற்றதன் செவியோடு சேர்தல் வேண்டும். வாயோடு வாய் சேர்ந்தால் இரண்டும் பேசும், ஒன்றும் கேளாது.

வல்லாரையும் மயக்கும் நுட்பம் ஒன்று இங்குண்டு. மாடல் 100இன் 25 முனை இணைப்பில் 2 அனுப்புவது, 3 பெறுவது, 7 பொது. பிற்காலக் கணிப்பொறியின் 9 முனை இணைப்பிலோ 2 பெறுவது, 3 அனுப்புவது, 5 பொது. ஆகவே இவ்விரண்டையும் இணைக்குங்கால் 2ஐ 2உடனும் 3ஐ 3உடனும் நேரே கட்டவேண்டும். 'மாற்றிக் கட்டுக' என்று கேட்டறிந்தவர் எண்ணை மாற்றிவிட்டு ஏமாறுவர்.

வழுவைத் தேடுவோர் முதலில் பொறியின் 2, 3 முனைகளைச் சிறு கம்பியால் இணைத்து, 'டெல்காம்' நிரலின் முழு எதிரொலி நிலையில் ஓர் எழுத்தைத் தட்டுவர். எழுத்துத் திரையில் தோன்றினால் பொறி செம்மையானது. பின்னர் வடத்தைப் பூட்டி, அதன் மறுமுனையில் அவ்வாறே செய்வர். அப்போது தோன்றாவிடின் குற்றம் வடத்தினது.

எழுத்து வந்தும் பொருளற்ற குறிகளாக வருமாயின், பெரும்பாலும் இரு பொறிகளும் வேறுவேறு விரைவிற் பேசுகின்றன என்று கொள்க. மாடல் 100இல் '88என்1இ' என்னும் அமைப்பின் முதல் 8, நொடிக்கு 9600 பிட் விரைவைக் குறிக்கும். இறுதி 'இ', 'பொறு', 'தொடர்க' என்னும் குறிகளை ஏற்றலைக் குறிக்கும். மறுபுறமும் இவை ஒத்திருத்தல் வேண்டும். பின்னும் எழுத்துகள் விடுபடின், முதல் எண்ணை 3 ஆக்கி, இருபுறமும் விரைவை 300க்குக் குறைப்பது நன்று. ஆயிரம் எழுத்துச் செல்ல அரை நிமிடத்திற்குச் சற்று மிகும்.