பட்டறைக்குப் போகும் முன் பாதி விடை

பெங்களூரு நீலசந்திராவில் பழைய கார் வைத்திருப்பவருக்குக் கைத்திறனுக்கும் பஞ்சமில்லை, உதிரி பாகத்துக்கும் பஞ்சமில்லை. ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஈஜிபுரா என்று எந்தப் பக்கம் போனாலும் தமிழிலோ கன்னடத்திலோ உருதுவிலோ பேசி வேலை வாங்கிக்கொள்ளப் பட்டறைகள் இருக்கின்றன. புதிய பாகம் வேண்டுமென்றால் ஜே.சி. ரோடு; அங்கே இல்லாதது சிவாஜிநகர் குஜ்ரிக் கடைகளில் பழசாகவாவது கிடைக்கும். மாருதி 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றது; இன்றும் அதற்குப் பாகம் வாங்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு வசதி இருந்தும், ஒரே கோளாறு மூன்று பட்டறை ஏறி இறங்கிய பிறகும் தீராமல் நிற்கிறதென்றால், அதற்குக் காரணம் தொழில் பிரிந்து கிடக்கும் விதம்தான் என்பது என் அனுபவம். மெக்கானிக் ஒருவர், ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், ரேடியேட்டர் கடைக்காரர் ஒருவர், ஏசி கடைக்காரர் ஒருவர். வண்டி சூடாகிறது என்று ரேடியேட்டர் கடைக்குப் போனால் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். மெக்கானிக்கிடம் போனால் வாட்டர் பம்பு, ஹெட் கேஸ்கெட் என்று பேச்சு வரும். எலக்ட்ரீஷியன் விசிறியைப் பார்ப்பார். மூவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் எந்தக் கடையின் முன்னால் வண்டியை நிறுத்துகிறோம் என்பதிலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது. அந்த முடிவை எடுப்பவர் வண்டிக்காரர். ஆகவே கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் வேலையை வண்டிக்காரர் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். பெரும்பாலும் ஸ்பானர் பிடிக்க வேண்டிய அவசியம் கூட இல்லை. பார்க்கவும் அளக்கவும் தெரிந்தால் போதும்.

எங்கிருந்து தொடங்குவது? பழைய வண்டியில் முதலில் தளர்வது பெரிய பாகங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் இடங்கள்தான். பிஸ்டனும் கிராங்கும் மெதுவாகத் தேய்கின்றன. தேயும்போது புகை, எண்ணெய்ச் செலவு, சத்தம் என்று முன்கூட்டியே அறிகுறி காட்டுகின்றன. சேரும் இடங்கள் அப்படியல்ல. ஒயர் முனைகளில் பச்சை பூக்கிறது. எர்த் ஒயரின் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறுகிறது. என்ஜின் சூட்டில் ரப்பர் ஹோஸ் கெட்டிப்பட்டு வெடிக்கிறது. ஃப்யூஸ் பிடிகள் தளர்கின்றன. இவை எந்த அறிகுறியும் காட்டாமல், ஒருநாள் வேலை செய்து மறுநாள் செய்யாமல் போகக் கூடியவை. விலையிலும் இவைதான் மிக மலிவானவை. அடிக்கடி கெடுவதும் மலிவானதும் எளிதில் எட்டக் கூடியதும் ஒன்றாகவே இருக்கும்போது, சோதனையை அங்கிருந்து தொடங்காமல் விலை உயர்ந்த பாகத்திலிருந்து தொடங்குவதற்கு நியாயமே இல்லை.

செல்ஃப் எடுக்காத வண்டியை எடுத்துக்கொள்வோம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கிப்போய் டிக் டிக் என்று சத்தம் வந்தால் பேட்டரியோ அதன் கிளாம்ப்போ மின்சாரத்தைத் தரவில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தபடி ஒரே ஒரு டக் மட்டும் கேட்டால் சொலினாய்டு அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் மேல் சந்தேகம் போக வேண்டும். விளக்கும் குறையவில்லை, சத்தமும் இல்லை என்றால் சாவி சுவிட்சிலிருந்து வரும் சின்ன ஒயர். மோட்டார் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபை விட்டுவிட்டு பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் பார்க்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. பேட்டரி தேறிய பிறகும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால், மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும் (கிளாம்ப்பின் மேல் அல்ல) மறுமுனையை என்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அரை வோல்ட்டோ ஒரு வோல்ட்டோ காட்டினால் அந்த எர்த் ஒயர்தான் குற்றவாளி. சின்ன கார் மோட்டார் கூட ஏறத்தாழ 100 ஆம்பியர் இழுக்கும்; வழியில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். கேபினில் எரியும் 5 வாட் விளக்கு அரை ஆம்பியர் கூட இழுப்பதில்லை. அதனால்தான் விளக்கு எரிகிறதே, ஒயரெல்லாம் சரிதான் என்று ஏமாந்துபோகிறோம். இந்தச் சோதனை இல்லாமல் பேட்டரியை மாற்றினால், புதுப் பேட்டரியின் பலத்தில் கோளாறு சில வாரம் ஒளிந்திருந்து மறுபடி தலைகாட்டும்.

வண்டி நிற்கும்போதே பேட்டரி காலியாகிறது என்பது நம் தெருக்களில் தனிக் கதை. இடநெருக்கடியில் கிடைத்த இடத்தில் நிறுத்திய வண்டி வாரக் கணக்கில் அசையாமல் நிற்கிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் டைனமோ என்று நாம் சொல்லும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அப்படியிருந்தும் காலையில் செத்துக் கிடந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துப் பாருங்கள். அந்த நிலையில் மட்டும் செல்ஃப் அடிக்கவே கூடாது. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. 300 இருந்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி போகும். 35 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றாம் நாளுக்குள் பாதிக்கு மேல் வடிந்துவிடும். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தால் எதில் அளவு சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. பெரும்பாலும் அது பின்னாளில் சேர்த்த ஸ்டீரியோவாகவோ அலாரமாகவோ, டேப் சுற்றி ஒட்டிய ஒரு இணைப்பாகவோ இருக்கும்.

சூடாவதில் அளவுகளை விடச் சூழ்நிலை அதிகம் பேசும். சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை: விசிறி, அதன் ரிலே, ஃப்யூஸ், தெர்மோ சுவிட்ச். எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய வேலை. ஓசூர் ரோட்டில் வேகமாகப் போனால் ஏறுகிறது, நின்றால் சரியாகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, வாட்டர் பம்பு, பாதி திறந்து சிக்கிய தெர்மோஸ்டாட். குளிர்ந்த என்ஜினை எடுத்த சில நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகி, தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்தால்தான் ஹெட் கேஸ்கெட் பற்றிப் பேச வேண்டும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ளக் கூடாது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம்தான் அந்த அளவை இருபது டிகிரிக்கு மேல் உயர்த்திப் பிடிக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி இங்கே சென்னையை விடச் சற்று முன்னதாகவே கொதிக்க விடும். மலிவான பாகம், முதலில் சந்தேகிக்க வேண்டியதும் அதையே. சூட்டில் மட்டும் திறக்கவே வேண்டாம். போர்வெல் தண்ணீரை ஊற்றுவதையும் விட்டுவிட வேண்டும்; அதன் உப்பு உள்ளே படிந்து அடைப்பை உண்டாக்கும். ‘தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுங்கள், கூலாக ஓடும்’ என்ற யோசனை இங்கே சகஜம். கழற்றினால் என்ஜின் வேண்டிய சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்து தேய்மானத்தைக் கூட்டும்.

மிஸ்ஸிங், பிக்கப் இல்லை என்ற புகார்களுக்கும் இதே முறை செல்லும். மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் வந்தால் பிளக் ஒயரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும்தான். இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால் வெடிப்பு வழியே நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஐடிலிங்கில் தடுமாறி வேகத்தில் சரியானால் எங்கோ வேக்கம் ஹோஸ் வழியே காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் சரியாக இருந்து மேட்டில் திணறினால் ஃபில்டரோ பெட்ரோல் பம்போ போதுமான அளவு தரவில்லை. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று சிலிண்டர் மாருதியில் ஒன்று மட்டும் கரியாக இருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில். மூன்றுமே கரியாக இருந்தால் மூன்றுக்கும் பொதுவான ஒன்றில், அதாவது ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் அல்லது சென்சாரில். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. அதற்காகச் செய்யப்படாத பழைய பெட்ரோல் ஹோஸ்களை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது அவசியம். பிசுபிசுப்போ பெட்ரோல் வாசனையோ இருந்தால் சோதனையெல்லாம் வேண்டாம். வண்டியை எடுக்காமல் ஹோஸை மாற்ற வேண்டும். பிரேக் பெடல் தரை வரை இறங்கினாலும் அப்படித்தான்: ஓட்டிப் பார்க்கக் கூடாது. சத்தங்களைப் பொறுத்தவரை, சத்தம் எதோடு சேர்ந்து கூடுகிறது என்று கவனித்தால் போதும். நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலே கூடினால் என்ஜின் பக்கம். வண்டி உருளும் வேகத்தோடு கூடினால் சக்கரத்தின் பக்கம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது கடக் கடக் என்றால் ஆக்சில் ஜாயின்ட். கிளட்ச்சை மிதித்ததும் வந்தால் ரிலீஸ் பேரிங்.

முப்பது வருடம் கை கறுத்த மெக்கானிக்கின் காதுக்கு முன்னால் இந்த மீட்டர் எம்மாத்திரம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அந்த அனுபவமும் அறிகுறிகளை நம்பித்தான் வேலை செய்கிறது. ‘வண்டி சரியில்லை’ என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தால், பட்டறையின் அவசரத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து அவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ‘சிக்னலில் மட்டும் சூடாகிறது, விசிறி சுற்றவில்லை’ என்று சொன்னால் அவருடைய அனுபவம் சரியான இடத்தில் இறங்குகிறது. பாகம் மலிவு, மாற்றிப் பார்ப்பதே சுலபம் என்பது இன்னொரு வாதம். விலை மட்டுமே கணக்கென்றால் சில பாகங்களுக்கு அது பொருந்தும். ஆனால் காய்ந்து நொறுங்கும் பழைய கனெக்டர்களை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாக ஒரு கோளாறு உண்டாக வழி திறக்கிறது. தரமில்லாத போலிப் பாகம் மாட்டிக்கொண்டால் புதுசு தானே என்று அதன் மேல் சந்தேகமே வராது. இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்று கடைசி வரை தெரியாது.

ஸ்கேனர் போட்டால் எல்லாம் சொல்லிவிடுமே என்றால், இந்தியாவில் அதற்கான ஓபிடி விதிகள் 2010-இலும் 2013-இலும்தான் படிப்படியாக வந்தன. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் பொதுவான ஸ்கேனர் பேசாது. பேசினாலும், எந்தச் சுற்றில் அளவு தவறியது என்று மட்டுமே அது சொல்லும். கலவை மெலிந்திருக்கிறது என்று ஆக்சிஜன் சென்சார் சொன்னால், சென்சாரை மாற்றச் சொல்வதாக ஆகாது. வெடித்த ஒரு வேக்கம் ஹோஸும் அதையே சொல்ல வைக்கும். இத்தனை பாடு எதற்கு, வண்டியைக் கழித்துவிடலாமே என்ற கேள்விக்கும் நியாயமான பதில் சோதனைதான். கர்நாடகத்தில் பதினைந்து வருடம் முடிந்த சொந்தக் காரைத் தகுதிச் சான்று வாங்கி, பசுமை வரி கட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். அந்தச் செலவுக்கு முன் ஒரு கம்ப்ரஷன் சோதனையும், தரைத் தகட்டில் துரு எவ்வளவு என்ற பார்வையும் போதும்: சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமான அளவு காட்டி, தகடும் உறுதியாக இருந்தால் வைத்திருக்கலாம்; இல்லையென்றால் மனதைத் தேற்றிக்கொண்டு கொடுத்துவிடலாம்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: கோளாறு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை, கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது. மூன்றாவதை அலட்சியப்படுத்த வேண்டாம். புதிய கோளாறுகளில் பல, சமீபத்தில் கை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். பிறகு, எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும் ‘அண்ணா, இது போயிருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது, கொஞ்சம் காட்டுங்க’ என்று மரியாதையோடு கேளுங்கள். வேலை தெரிந்தவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். மீட்டரையோ கழற்றிய பாகத்தையோ எடுத்துக் காட்டுவார். அப்படிக் காட்டுகிறவரைக் கண்டுபிடித்துவிட்டால், கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அவரை விடாதீர்கள். ஒரு பழைய வண்டியை இன்னும் பல வருடம் நம்பி ஓட்டுவதற்கு, கேட்கத் தெரிந்த வண்டிக்காரரும் காட்டத் தெரிந்த மெக்கானிக்கும் சேர்ந்தால் போதும்.