ஒளிச் சிகிச்சையும் தோல் புற்றுநோயும்

இயற்கை மக்களுக்கு அளித்துள்ள செல்வங்களுள் ஒளி தலையாயது. பயிர் தழைப்பதும் உயிர் பிழைப்பதும் அதனாலேயே. ஆயினும் வகையும் அளவும் அறியாது பயன்படுத்தினால் நன்மை தரும் பொருளும் தீங்காக முடியும். செந்நிற ஒளி வீசும் சிறு கருவிகள் இந்நாளில் பலவாறு விற்பனைக்கு வந்துள்ளன. முடி வளரும், வலி தணியும், புண் ஆறும் என்று அவற்றைக் குறித்து விளம்பரம் செய்கின்றனர். இவ்வொளியால் தோலில் புற்றுநோய் உண்டாகுமா? ஏற்கெனவே புற்று உள்ள இடத்தில் இது பட்டால் என்ன நேரும்? கிராமத் தொண்டில் ஈடுபட்டுள்ள நாம் இவ்விரு வினாக்களுக்கும் விடை அறிந்திருத்தல் அவசியம்.

மூவகை ஒளி

ஒளிச் சிகிச்சை என்னும் ஒரே பெயரால் மூன்று வேறு முறைகள் வழங்கி வருகின்றன. இவற்றை ஒன்றெனக் கருதுவதே பல குழப்பங்களுக்குக் காரணம்.

முதலாவது, புற ஊதா ஒளி. வெண்புள்ளி, காளாஞ்சகப்படை ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவர்கள் ஏறத்தாழ 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள இவ்வொளியைக் கணக்கிட்டுக் கொடுக்கின்றனர். புற ஊதா ஒளி உயிரணுவின் மரபுப் பொருளைத் தாக்க வல்லது. அழகுக்காகத் தோலைக் கருமையாக்கும் புற ஊதாக் கருவிகளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2009-இல் வகைப்படுத்தியது. ஆகவே இவ்வொளி மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படத்தக்கது.

இரண்டாவது முறையில் முதலில் தோலின்மீது ஒரு மருந்தைப் பூசி, பின்னர் ஒளியைச் செலுத்துகின்றனர். ஒளி பட்டதும் மருந்து வீரியம் பெற்றுக் கெட்ட அணுக்களை அழிக்கிறது. புற்றுக்கு முந்திய சில தோல் மாறுதல்களுக்கும், மேற்பரப்பளவில் நிற்கும் சிலவகைப் புற்றுக்கும் இது பயன்படுகிறது. இங்கே அணுக்களை அழிப்பது மருந்தும் ஒளியும் சேர்ந்த செயலேயன்றி ஒளி மட்டும் அன்று.

மூன்றாவதே நாம் ஆராயும் குறைநிலை ஒளிச் சிகிச்சை. சிவப்பு ஒளியும் அதையடுத்த அகச்சிவப்பு ஒளியும், தோலைச் சுடாத அளவில் இதற்குப் பயன்படுகின்றன.

தோற்றமும் செயலும்

1960-இல் மைமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டினார். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர், லேசர் ஒளியால் புற்று உண்டாகுமா என்று அறிய, முடி மழித்த எலிகளின்மீது 1967-இல் அதைச் செலுத்திப் பார்த்தார். புற்று உண்டாகவில்லை. மாறாக, ஒளி பட்ட இடத்தில் முடி விரைவாக வளர்ந்தது. இச்சிகிச்சையின் தொடக்கமே புற்றுநோய் பற்றிய ஐயத்தில் பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

சிவப்பு ஒளி, புற ஊதா ஒளியைப்போல மரபுப் பொருளை நேரே சிதைக்கும் ஆற்றல் உடையதன்று. உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் உறுப்புகள் இவ்வொளியை ஏற்று ஊக்கம் பெறுகின்றன என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். இதிலிருந்தே இரண்டாவது வினா எழுகிறது. நல்ல அணுவை ஊக்குவிக்கும் ஒளி, புற்றணுவையும் ஊக்குவிக்காதா?

பரிசோதனைகள் கூறுவது

கருமைப் புற்று என்னும் கொடிய தோல் புற்றினை உடைய எலிகளின்மீது சிவப்பு லேசர் ஒளியைச் செலுத்திய பரிசோதனை 2009-இல் வெளியாயிற்று. சதுர சென்டிமீட்டருக்கு 150 ஜூல் அளவில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. 1,050 ஜூல் அளவில் கட்டி பெருத்தது. 2012-இல் வெளியான மற்றொரு பரிசோதனையில், புற ஊதா ஒளியால் தோல் கட்டிகள் உண்டான எலிகளுக்கு 2.5 ஜூல் அளவில் சிவப்பு ஒளி 37 நாட்கள் அளிக்கப்பட்டது. கட்டிகள் வளர்ச்சியில் தீங்கு எதுவும் தோன்றவில்லை.

மனிதரிடத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இவ்வொளியைச் சில வகை நோயாளிகளுக்கு மருத்துவ வழிகாட்டி நெறிகள் பரிந்துரைக்கின்றன. ஆனால் அது அளவும் இடமும் வரையறுத்து, பயிற்சி பெற்றோர் அளிப்பது. எலிகளின் பரிசோதனையை நம் உடம்புக்கு அப்படியே பொருத்திவிடவும் இயலாது. எனவே, அறியப்பட்ட புற்றின்மீதோ ஐயத்துக்குரிய மறுவின்மீதோ வீட்டுக் கருவியின் ஒளியைப் பாய்ச்சலாகாது என்பதே அறிவுடைய முடிவாகும்.

உண்மையான அபாயம்

ஒளியைக் காட்டிலும் பெரிய அபாயம் ஒன்று உண்டு, அது காலதாமதம். தீக்காயத் தழும்பிலும் நாட்பட்ட புண்ணிலும் புற்று தோன்றக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் மார்ஜோலின் பெயரால் இப்புண் வழங்குகிறது. காஷ்மீரத்தில் குளிருக்காகக் காங்கிரி என்னும் தணற்சட்டியை உடையினுள் அணைத்து வைத்துக்கொள்வோருக்குத் தொடையிலும் வயிற்றிலும் புற்று வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். இத்தகைய புண்ணைச் சாதாரணப் புண் என்றெண்ணி மாதக்கணக்கில் ஒளி காட்டிக்கொண்டிருந்தால், எளிதில் அகற்றக்கூடிய நோய் உள்ளே பரவிவிடும். கருவி தீங்கு செய்யாவிடினும் காலம் தீங்கு செய்துவிடும்.

நாம் செய்யத்தக்கவை

நான்கு வாரங்களுக்கு மேலாகியும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டச் செய்தல் வேண்டும்.

மறுவின் வடிவம், ஓரம், நிறம், பருமன் மாறினாலும், இரத்தம் கசிந்தாலும் தாமதம் கூடாது. மாநிறத்தோரிடமும் கறுத்த நிறத்தோரிடமும் கருமைப் புற்று உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றுவதுண்டு. வெறுங்காலுடன் வயலில் உழைப்போர் இதை முள் குத்திய புண் என்று விட்டுவிடலாகாது.

சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தாலன்றிப் புற்றா அன்றா என்பது உறுதிப்படாது. அப்படிச் சோதிப்பதால் நோய் பரவும் என்னும் அச்சத்தை மக்களிடமிருந்து நீக்க வேண்டும்.

தோல் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர், தம் மருத்துவரைக் கேளாமல் எவ்வொளிக் கருவியையும் பயன்படுத்தலாகாது. பயன்படுத்தும் எவரும் கண்களை மறைத்துக் காத்துக்கொள்ள வேண்டும்.

புற்றுநோயாளிகளுக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் தோன்றியது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் இன்று மக்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. ஆறாத புண்ணோடு ஒருவர் நம்மிடம் வரும்போது, கருவியின் விலையை விசாரிப்பதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அவரை அழைத்துச் செல்வோமாக. முதலில் நோயை அறிதல், பின்னர் மருந்தை நாடுதல்: இவ்வொழுங்கு பிறழாதிருப்பின் பல உயிர்கள் காக்கப்படும்.