குதிகால் நார் வலி: பயிற்சியா, மெஷினா?

கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைப்பது ஒரு தடித்த நார். அதில் மாதக்கணக்கில் வலி இருந்தால் இரண்டு சிகிச்சைகள் சொல்வார்கள்: பயிற்சி, அதிர்வலை மெஷின்.

பயிற்சி: படி ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொள்ளுங்க. நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலின் குதிகாலை மெதுவா படிக்குக் கீழே இறக்குங்க. முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, லேசா மடக்கி 3 சுற்று. காலை, மாலை, 12 வாரம். 1998-ல் சுவீடன் மருத்துவர்கள் வெளியிட்ட முறை இது.

எது மேல்? நாரின் நடுப்பகுதியில் வலி உள்ள 75 பேரிடம் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. 4 மாதத்தில் நன்கு குணமானவர்கள் பயிற்சியில் 100-க்கு 60, மெஷினில் 52, சும்மா காத்திருந்தவர்களில் 24. இரண்டு சிகிச்சைக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் பலன் கூடுதல் என்றது 2009 ஆய்வு. ஆனால் நார் எலும்பில் ஒட்டும் இடத்தில் வலி என்றால், மெஷினே மேல் என்றது 2008 ஆய்வு.

ஆகவே மெஷினுக்குக் கடன் கேட்கும் முன், வலி எந்த இடத்தில் என்று டாக்டரிடம் கேளுங்க. நடுப்பகுதி என்றால், செலவில்லாத பயிற்சியை முதலில் 12 வாரம் விடாமல் செய்யுங்க. திடீரென 'டப்' என்று அறுந்த மாதிரி இருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.